தகராறு இல்லாத ஏரி

ஈச்சந்தாங்கல் ஏரி நீர்ப் பயனாளிகள் சங்கத்தில் மொத்தம் முப்பத்தெட்டு உறுப்பினர்கள். அவர்களில் முப்பத்தேழு பேர் ஊரில் இல்லை. ஊரே இல்லை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் சங்கம் இருந்தது. அதைக் கலைக்க வேண்டுமென்றாலும் பொதுக்குழு கூட வேண்டும் என்பதால் அது பாட்டுக்கு இருந்தது.

மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் அம்சவள்ளி. ஐம்பத்திரண்டு வயது, இரண்டு காணி நிலம், கடைமடை. கடைமடை என்றால், ஏரித் தண்ணீர் எல்லோருடைய கழனியையும் நனைத்துவிட்டு மனசிருந்தால் கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் ரோஜா குயிலாப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "வந்துடும்மா, அங்க யாருகிட்ட பேசிக்கினு இருக்க?" என்று கேட்பாள்.

தொழிற்பேட்டைக்கு ஊரை எடுத்தபோது, வரைபடத்தில் கோடு போட்ட புண்ணியவான் இரண்டு முனையிலும் கொஞ்சம் விட்டுவிட்டார். ஒரு முனையில் ஏரி தப்பியது, மறுமுனையில் வீடும் கழனியுமாக அம்சவள்ளி தப்பினாள். நடுவில் இருந்த வீடு, கழனி, களத்துமேடு எல்லாம் போயிற்று. முப்பத்தேழு குடும்பங்களையும் பைபாஸ் பக்கம் 'மறுவாழ்வு நகர்' என்று பெயர் வைத்த பொட்டலில் குடியமர்த்தினார்கள். மாரியம்மனையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். டவுன் பஸ் கூட்ரோட்டோடு திரும்பிக்கொண்டது. எடுத்த நிலத்தில் இரண்டு வருஷமாக ஒரு பேட்டையும் வரவில்லை, எல்லைக் கல் மட்டும் நட்டிருந்தார்கள். ஏரிக்கும் அம்சவள்ளிக்கும் நடுவே ஓடுகிற வாய்க்கால் இப்போது யாருடையது என்று கேட்டால் நான்கு அலுவலகங்கள் ஒன்றையொன்று கை காட்டும்.

அந்தத் தை மாதம் அம்சவள்ளி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தாள். பூ வைத்து, காய் பிடிக்கிற விழுது மண்ணில் இறங்குகிற சமயம். அந்த நேரத்தில் மண் இளகியிருக்க வேண்டும். காய்ந்து இறுகிப்போனால் விழுது மண்ணுக்கு மேலேயே கருகும், அப்புறம் பிடுங்கினால் செடிதான் வரும், காய் வராது. ஏரியில் தண்ணீர் கிடந்தது. ஒரு தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் மதகுக்கு ஒரு கட்டை அடைப்புதான். அன்றைக்குத் தண்ணீர் முறை உள்ளவர் இறங்கிப் பிடுங்கிவிடுவார். பங்கேற்புப் பாசன முகமை என்று ஒன்று திண்டிவனத்துக்கு வந்த பிறகு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு ஷட்டரும், சங்கிலியும், பூட்டும் வைத்தார்கள். சாவி முகமையின் ஸ்டோர் அறையில் இருந்தது. அம்சவள்ளி கிளம்பிப் போனாள்.

முகமையின் சுவரில் 'மக்களின் தண்ணீர் மக்கள் கையில்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே உதவிப் பொறியாளர் பிரவீன்குமார் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். இந்தக் கதையில் வருகிற அதிகாரிகள் எல்லோருமே நல்லவர்கள்தான், அதனால்தான் இவ்வளவு தாமதமாயிற்று.

"சாவிய குடுத்தீங்கன்னா தெறந்துட்டு சாயங்காலமே கொண்டாந்து குடுத்துடுவேன் சார். மல்லாட்டைக்கு விழுது இறங்குற நேரம்" என்றாள்.

"அம்மா, தண்ணி உங்களோடது. அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சாவி மட்டும்தான் எங்களோடது. சங்கம் தீர்மானம் போட்டு, மூணுல ஒரு பங்கு பேர் கையெழுத்து வெச்சா சாவி உங்க கையில. பதிமூணு பேர்."

"ஊர்ல நான் ஒருத்திதான் சார் இருக்கேன்."

"அப்போ கோரம் இல்லம்மா. குறைஞ்சபட்ச ஆள் இல்லாம தீர்மானம் செல்லாது."

"அதான் சார் நானும் சொல்றேன்."

"நீங்க சொன்னா பத்தாது. கோரம் இல்லன்னு சங்கமே தீர்மானம் போட்டுக் குடுக்கணும்."

"அதுக்கு எத்தினி பேரு வேணும்?"

"பதிமூணு பேர்" என்றார் பிரவீன்குமார்.

பதிமூன்று பேரைத் தேடி அம்சவள்ளி மறுவாழ்வு நகருக்குப் போனாள். அங்கே ஊரே தெருவில் நின்றது. லாரித் தண்ணீருக்கு வரிசை. வரிசையின் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு ராஜாமணி நின்றாள்.

ராஜாமணி அவளுக்கு ஓரகத்தி முறை. கழனியும் பக்கத்துக் கழனி. வாய்க்காலில் முதலில் ராஜாமணி மடை, அடுத்தது அம்சவள்ளி மடை. வாரத்தில் இன்ன கிழமை இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை இன்னாருக்கு என்று பாட்டன் காலத்து முறை ஒன்று உண்டு. ராஜாமணி முறை முடிகிற நேரமும் அம்சவள்ளி முறை தொடங்குகிற நேரமும் ஒன்று. அந்த ஒரு நேரம் வந்தால் போதும், இரண்டு பேருக்கும் மண்வெட்டியோடு சண்டை. இருபது வருஷமாக வாரம் தவறாமல் நடந்த சண்டை. இரண்டு பேர் புருஷன்மாரும் தூரத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

"கையெழுத்தா?" என்றாள் ராஜாமணி. "ஈச்சந்தாங்கல்ல வெவசாயம் பண்றோம்னு கையெழுத்துப் போட்டா, அங்கதான இருக்கிறீங்க, இங்க எதுக்கு மனைன்னு புடுங்கிக்கினு போயிடுவான். எங்களுக்கு இந்தப் பொட்டலும் இல்லாம பண்ணிடாதக்கா."

வரிசையில் நின்ற மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தப்பில்லை, அவர்கள் பயம் அவர்களுக்கு. அம்சவள்ளி திரும்பியபோது ராஜாமணி குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"என் கழனியில இப்போ இன்னா இருக்குது?"

"கல்லு நட்டு வெச்சிருக்கானுங்க. முள்ளு மொளைச்சிருக்குது."

"அதுதான் நல்ல மண்ணு" என்று சொல்லிவிட்டு, லாரி வருகிற சத்தம் கேட்டு ராஜாமணி ஓடினாள்.

வெறுங்கையோடு மறுபடியும் வந்து நின்றவளைப் பார்த்துப் பிரவீன்குமார் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இரண்டு நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டனுப்பினார்.

"வழி கண்டுபிடிச்சிட்டேன்மா. நிலம் இல்லாதவங்க உறுப்பினரா இருக்க முடியாது. முப்பத்தேழு பேரையும் நீக்கிட்டோம். இப்போ மொத்த உறுப்பினர் ஒருத்தர். அதுல மூணுல ஒரு பங்குன்னா கால் ஆளுக்குக் கொஞ்சம் மேல. நீங்க முழுசா ஒரு ஆள் இருக்கீங்க. தேவைக்கு மூணு மடங்கு கோரம்!"

அம்சவள்ளிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பேரேட்டில் வரிசையாக முப்பத்தேழு பெயர்களையும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அடித்த பெயர்களுக்கு நடுவே அவள் பெயர் மட்டும் தனியாக நின்றது. இருந்தும் சாவி கிடைத்தால் சரி என்று கையை நீட்டினாள்.

"சாவி சங்க நிர்வாகிகிட்டதான் தர முடியும். தேர்தல் வைக்கணும்" என்றார்.

தேர்தல் வைத்தார்கள். அறிவிப்பை வாய்க்கால் ஓரத்து மின்கம்பத்தில் ஒட்டினார்கள். வேட்புமனுவுக்கு மூன்று நாள், வாபஸுக்கு இரண்டு நாள். வாபஸ் கடைசி நாளில் ஒரு ஜீப் வந்து, யாருடைய நெருக்குதலாலும் வாபஸ் வாங்கவில்லையே என்று அவளிடம் எழுதி வாங்கிப் போயிற்று. வாக்குப்பதிவன்று அவள் வாசலில் பெட்டி, திரை, மை எல்லாம் வந்து இறங்கின. அவள் திரைக்குப் பின்னால் போனதும், ரகசியம் கெடக்கூடாதென்று மூன்று ஊழியர்களும் மேற்கே பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

எண்ணிப் பார்த்தால் சிக்கல். தலைமடைப் பிரதிநிதி, நடுமடைப் பிரதிநிதி, கடைமடைப் பிரதிநிதி என்று மூன்று சீட்டு கொடுத்திருந்தார்கள். மூன்றிலும் அவள் பெயர்தான். அம்சவள்ளி கடைமடைச் சீட்டில் மட்டும் முத்திரை குத்திவிட்டு மற்ற இரண்டையும் வெறுமனே மடித்துப் போட்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றார் பிரவீன்குமார்.

"நான் கடைமடைக்காரி சார். தலைமடை விசயத்துல நான் தலையிட்டா சும்மா விடுவாங்களா? காலங்காலமா அந்தப் பேச்சு எங்களுக்குக் கெடையாது."

"யாரும்மா சும்மா விடமாட்டாங்க?"

அவள் நட்டிருந்த கற்களைப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து மறுவாக்குப்பதிவு நடந்தது. மூன்று இடத்திலும் அம்சவள்ளி ஏகமனதாக வென்றாள். அதற்குள் மல்லாட்டை இலைகள் உச்சிவெயிலில் மடிந்துகொள்ள ஆரம்பித்திருந்தன. அவள் பக்கத்துக் குட்டையிலிருந்து குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். ஒரு நாள் முழுக்க ஊற்றினால் எட்டு வரிசை நனையும். மறுநாள் அது காய்ந்திருக்கும்.

"சாவி?" என்று கேட்டாள்.

"பயிற்சி பெறாத நிர்வாகிகிட்ட சாவி தரக்கூடாது" என்றார் பிரவீன்குமார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயிற்சி கொடுக்கக் கலைப்பிரியா என்ற சமூக ஒருங்கிணைப்பாளர் வந்தாள். சின்னப் பெண், ஒப்பந்த வேலை. கூடவே சாமியானா, ஐம்பது நாற்காலி, ஐம்பது குறிப்பேடு, ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதம். திட்டத்தில் ஐம்பது என்றுதான் இருந்தது. முதல் நாள் 'குழுவாக இணைவோம்'. பங்கேற்பாளர்கள் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்ள வேண்டும். அம்சவள்ளி தன் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலைப்பிரியா போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் 'நீர்ப் பங்கீட்டு மோதலும் தீர்வும்'. எதிரெதிராக இரண்டு நாற்காலி.

"அம்மா, இது மேல்மடை விவசாயி, தண்ணிய அடைச்சி வெச்சிருக்காங்க. இது கடைமடை விவசாயி, வந்து கேக்குறாங்க. ரெண்டு பேரும் பேசணும். ஆள் இல்லாததால ரெண்டையும் நீங்களே பண்ணிடுங்க."

அம்சவள்ளி கூச்சத்தோடு மேல்மடை நாற்காலியில் உட்கார்ந்தாள். வாய் வரவில்லை. பிறகு ராஜாமணியை நினைத்துக்கொண்டாள். அப்புறம் தடுக்க ஆளில்லை.

"இன்னாடி, உன் மாமனாரு வெட்டுன வாய்க்காலா இது? என் முறையில வந்து மண்ணெட்டியப் போடுற! கையி இருக்குமா உனுக்கு?"

எழுந்து எதிர் நாற்காலிக்கு ஓடினாள்.

"உன் கடியாரம் மட்டும் ஏன்டி எப்பப் பாத்தாலும் பத்து நிமிசம் மெதுவா ஓடுது? ஊரான் தண்ணியக் குடிச்சி வளந்த கழனிடி உன்னுது!"

மறுபடி அங்கே. மறுபடி இங்கே. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கால் மணி நேரம் ஆடித் தீர்த்தாள். இரண்டு வருஷமாக இவ்வளவு பேசியதில்லை. முகத்தில் ரத்தம் ஏறிப் பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியாக, கடைமடை நாற்காலியில் உட்கார்ந்து, பதிலே சொல்ல முடியாதபடி ஒன்றைக் கேட்டுவிட்டு, அம்சவள்ளி எதிர் நாற்காலியைப் பார்த்துக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. பதில் சொல்லவும் தானேதான் எழுந்து போக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சூப்பர்மா! மோதல் தீர்ந்துடுச்சா?" என்று கலைப்பிரியா கேட்டாள்.

"தீந்துடுச்சி கண்ணு" என்றாள் அம்சவள்ளி. கலைப்பிரியா படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

அந்தப் படிவம்தான் முகமையின் இயக்குநர் சீனுவாசனை ஈச்சந்தாங்கலுக்கு இழுத்து வந்தது. மாவட்டத்திலேயே ஒரு தகராறும் பதிவாகாத ஏரி இது ஒன்றுதான் என்று கணினி சொல்லிவிட்டது. 'தகராறு இல்லாத ஏரி' விருது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரையில் மேடை போட்டார்கள். அம்சவள்ளிக்கு முன்வரிசையில் இடம். பின்வரிசைகளில் முகமை ஊழியர்கள் உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் விவசாயப் பெருங்குடி மக்களே! ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஏரியிலிருந்து எனக்கு வருஷத்துக்கு நாற்பது புகார் வரும். மடையை அடைத்தான், மண்டையை உடைத்தான் என்று. இன்றைக்கு ஒன்று உண்டா? என்ன மாயம் செய்தோம்? மக்கள் பங்கேற்பு! என் அனுபவத்தில் சொல்கிறேன், மக்கள் பங்கேற்பு என்பது மக்கள் குறையக் குறையச் சிறப்பாக நடக்கிறது."

கைதட்டல்.

"தண்ணீர்ப் பற்றாக்குறையை இரண்டு விதமாகத் தீர்க்கலாம். ஒன்று, தண்ணீரை அதிகப்படுத்துவது. அது இயற்கையின் கையில் இருக்கிறது, நாம் தலையிடுவதில்லை. இன்னொன்று, கேட்பவர்களைக் குறைப்பது. அதில் நாம் கண்டிருக்கும் வெற்றியை உலகமே வந்து பார்க்கலாம். இந்த ஏரியில் முப்பத்தெட்டுப் பேர் பங்கு போட்ட தண்ணீர் இன்று ஒரே ஒரு சகோதரிக்கு. தலைக்கு முப்பத்தெட்டு மடங்கு உயர்வு! இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி. முயன்றால் முழு வெற்றி தூரத்தில் இல்லை."

பேசி முடித்து, கேடயத்தோடு சாவியையும் கொடுத்தார். மணி பன்னிரண்டு. பிரவீன்குமார் அருகே வந்து குனிந்து, "அஞ்சு மணிக்கு ஷட்டரை மூடணும்மா. ஸ்டோர்ல சாவி ஏறணும். அடுத்த தடவை இன்னொரு தீர்மானம் வேணும், ஆடிட் வேற வருது, ரெண்டு மாசம் ஆயிடும். ஜல்தியா பாய்ச்சிக்குங்க" என்றார். கார்கள் கிளம்பிப் போயின.

அம்சவள்ளி பூட்டைத் திறந்து ஷட்டர் சக்கரத்தைச் சுற்றினாள். தண்ணீர் வந்தது. அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே தண்ணீருக்கு முன்னால் நடந்தாள்.

நூறு அடி போனதும் தண்ணீர் நின்றது. கல் நட்டவர்கள் கரையை இடித்து ஜீப்புக்கு வழி செய்திருந்தார்கள். அந்த வழியாகத் தண்ணீர் முள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தது. மண் வெட்டிப் போட்டு அடைத்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு உடைப்பு. அதை அடைத்துக்கொண்டிருக்கும்போது முதல் அடைப்பு பிய்த்துக்கொண்டது. திரும்பி ஓடினாள். முன்பு இந்த வாய்க்காலில் மடைக்கு ஒரு ஆள் நிற்பான். தன் தண்ணீர் அடுத்தவனுக்குப் போய்விடக் கூடாதே என்று கரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி வைத்திருப்பான். திருடர்கள் என்று அவள் வாயாரத் திட்டிய அத்தனை பேரும் சேர்ந்துதான் இத்தனை வருஷமாகக் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அது இப்போது அவளுக்குப் புரிந்தது, புரிந்து என்ன செய்ய? கை வலி உயிர் போயிற்று.

அடைத்தும் ஓடியும் தண்ணீரை அவள் ராஜாமணி கழனி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தபோது மணி மூன்று. அங்கே மடை இருந்த இடமே தெரியவில்லை, வரப்பை வழித்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் முழுக்க ராஜாமணி நிலத்தில் பரவி நின்றது. அந்தப் பக்கத்து மேட்டை வெட்டினால் தன் மல்லாட்டைக்குப் பாயும். இரண்டு மணி நேரம் இருந்தது. இரண்டு காணிக்கும் எட்டும்.

மண்வெட்டியை ஓங்கியவளுக்கு என்ன தோன்றிற்றோ, இறக்கிவிட்டு போனை எடுத்தாள்.

"ராஜாமணி, உன் கழனி நெறைய தண்ணி நிக்குதுடி."

"எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டாள் ராஜாமணி.

"கணுக்காலுக்கு மேல. முள்ளு முழுவிக் கெடக்குது. நான் வெட்டி என் பக்கம் உட்டுக்கறேன், சொல்லாம செய்யக் கூடாதேன்னுதான்."

"இன்னிக்கு இன்னா கெழம?"

"வெள்ளி."

"மணி?"

"மூணு."

"வெள்ளிக்கெழம மூணுல இருந்து நாலு என் முறை" என்றாள் ராஜாமணி. குரல் மளமளவென்று ஏறியது. "நாலு ஆவாம மடையத் தொட்டியோ, நடக்கறதே வேற! இன்னா நெனச்சிக்கினு இருக்க நீ? ஊட்ட உட்டுப் போயிட்டா முறையையும் உட்டுட்டுப் போயிட்டோமா?"

ஒரு மணி நேரம் போனால் மிச்சம் ஒரு மணி நேரம். பாதிக் கழனிதான் நனையும். மறுபாதி போச்சு என்று அம்சவள்ளிக்கு நன்றாகத் தெரிந்தது. அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"சரிடி, நாலு வரைக்கும்தான்! உன் கடியாரம்லாம் செல்லாது. ஒரு நிமிசம் தாண்டிச்சின்னாலும் வெட்டி உட்டுடுவேன்!"

"வெட்டிப் பாரேன்!"

இரண்டு பேரும் போனைத் துண்டிக்கவில்லை. அம்சவள்ளி மேட்டில் உட்கார்ந்து போனைத் தண்ணீர்ப் பக்கமாக மண்ணில் வைத்தாள். காய்ந்த நிலம் தண்ணீர் குடிக்கிற சத்தம் மொறுமொறுவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றரைக்குச் சாவியை ஞாபகப்படுத்தப் பிரவீன்குமார் பைக்கில் வந்தார். தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா சும்மா உட்கார்ந்துட்டீங்க? தண்ணி வேற எங்கயோ நிக்குது, நேரம் போகுது! வெட்டி விடுங்க!"

"இது அவ முறை சார்."

"யாரு முறை? சங்கத்துல உறுப்பினரே நீங்க ஒருத்தர்தான்."

அம்சவள்ளி பதறிப்போய் வாயில் விரல் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க சார். அவ கேட்டுக்கினு இருக்கா."